பக்கத்து பெட் பெரியவருக்கு ஒத்துக்கொண்ட கீமோ, அப்பாவுக்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு 57 வயது. பெருங்குடலில் கட்டி என்று ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். மூன்றாம் ஸ்டேஜ். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆக்சாலிபிளாட்டின் டிரிப், வீட்டில் கேப்சிடபின் மாத்திரை காலையில் மூன்று, இரவில் மூன்று என்று கீமோ தொடங்கினார்கள். எட்டாம் நாளே வாயெல்லாம் புண். நாளுக்குப் பத்து தடவை பேதி. வெள்ளை அணுக்கள் குறைந்து, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதே நாளில், அதே மருந்தைப் பக்கத்து பெட்டில் ஏற்றிக்கொண்ட பெரியவர் இப்போது வயலுக்குப் போய்வருகிறார். டாக்டர் ரத்தத்தில் ஜீன் டெஸ்ட் செய்து, டி.பி.ஒய்.டி. என்ற மரபணுவில் 'ஸ்டார் 2ஏ' மாற்றம் ஒரு பிரதியில் இருக்கிறது, இனி கேப்சிடபின் பாதி அளவுதான் என்கிறார். பாதி மருந்தில் நோய் போகுமா? இதை ஏன் முதலிலேயே பார்க்கவில்லை? ஒரு லேப் முப்பது பக்கத்துக்கு 'முழு கீமோ ஜீன் ரிப்போர்ட்' தருகிறேன் என்கிறது, எடுக்கலாமா? எனக்கும் தம்பிக்கும் இந்தக் குறை வருமா? அப்பா, "என் உடம்பு வீக், எனக்கு வேண்டாம்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். — வாசகி, தென்காசி

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அப்பாவிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அவர் உடம்பு வீக் இல்லை. வயிற்றைத் திறந்து குடலில் ஒரு பகுதியை எடுத்த ஆபரேஷனைத் தாங்கி எழுந்த உடம்பு அது. அதில் ஒரே ஒரு நொதி மட்டும் பிறந்ததிலிருந்தே குறைவாக வேலை செய்கிறது. இந்த மருந்தைத் தொடாமல் இருந்திருந்தால் அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு ஆயுள் முழுக்கத் தெரிந்திருக்காது. அவர் சாப்பிட்டது, சாப்பிடாதது, கவலைப்பட்டது எதுவும் இதற்குக் காரணமில்லை.

கேப்சிடபின் மாத்திரை உடம்புக்குள் போய் 5-எஃப்.யு. என்ற மருந்தாக மாறுகிறது. குடல் புற்றுநோய்க்கு இன்றும் அடிப்படை மருந்து இதுதான். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹைடல்பெர்கரும் அவருடைய குழுவும் 1957-ல் இதை வெளியிட்டார்கள். கட்டி செல்கள் யூரசில் என்ற பொருளை மற்ற செல்களைவிட அதிகமாக இழுத்துக்கொள்கின்றன என்று பார்த்து, அந்த யூரசிலின் வேஷத்தில் ஒரு விஷத்தை உள்ளே அனுப்பினார்கள். செல் அதை நம்பி எடுத்துக்கொள்ளும், பிறகு பெருக முடியாமல் போகும். ஆனால் வாயின் உட்தோல், குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை இவையும் ஓயாமல் பெருகிக்கொண்டே இருக்கும் இடங்கள்தானே? அதனால்தான் அப்பாவுக்கு வாய்ப்புண், பேதி, வெள்ளை அணுக் குறைவு என்று மூன்றும் ஒன்றாக வந்தன.

உடம்புக்குள் வரும் இந்த மருந்தில் எண்பது சதவீதத்துக்கும் மேல் கல்லீரல் உடைத்து வெளியேற்றிவிடுகிறது. உடைக்கும் வேலையைச் செய்யும் நொதியின் பெயர் டி.பி.டி. அதைச் செய்யச் சொல்லும் குறிப்பு எழுதியிருக்கும் இடம்தான் உங்கள் டாக்டர் சொன்ன டி.பி.ஒய்.டி. மரபணு. உங்கள் பக்கம் குளங்கள் நிறைந்த ஊர், அதனால் இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குளங்களுக்கும் ஒரே அளவு தண்ணீர் வருகிறது. ஒன்றில் மடை முழுசாகத் திறந்திருக்கிறது, இன்னொன்றில் பாதி அடைத்துக்கிடக்கிறது. முதல் குளம் நிறைந்து வடிகிறது. இரண்டாவதில் கரை உடைகிறது. பக்கத்து பெட் பெரியவருக்கு மடை திறந்திருந்தது. அப்பாவுக்குப் பாதி அடைப்பு.

அந்த அடைப்பு எப்படி வந்தது? ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஸ்டார் 2ஏ என்பது அந்த நீளமான குறிப்பில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பது. ஆனால் மாறியிருக்கும் இடம் மோசமான இடம். அதனால் நொதியின் ஒரு பகுதி முழுவதுமே விடுபட்டுப்போய், அந்தப் பிரதியிலிருந்து உருப்படியாக எதுவும் வருவதில்லை. உங்கள் அப்பாவுக்கு மற்றொரு பிரதி நன்றாக இருக்கிறது, அதனால்தான் பாதி வேலை நடக்கிறது. இரண்டு பிரதியும் பழுதானவர்களும் உண்டு, மிக மிகக் குறைவு. அவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது, முதல் சைக்கிளே, அதாவது முதல் சுற்றுக் கீமோவே, உயிரைப் பறித்துவிடலாம்.

இந்த நொதி எவ்வளவு முக்கியம் என்பது உலகத்துக்குப் புரிந்தது ஒரு துயரமான சம்பவத்தில். 1993-ல் ஜப்பானில் அக்கிக்குச் சொரிவுடின் என்று ஒரு புதிய மாத்திரை விற்பனைக்கு வந்தது. 5-எஃப்.யு. வகை மருந்து எடுத்துக்கொண்டிருந்த புற்றுநோயாளிகள் சிலருக்கு அக்கி வந்தபோது அதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சில வாரங்களுக்குள் பதினைந்து பேர் இறந்துபோனார்கள். ஆராய்ந்தபோது, சொரிவுடினிலிருந்து உடம்பில் உண்டாகும் ஒரு பொருள் டி.பி.டி. நொதியை அடியோடு முடக்கிவிடுகிறது என்று தெரிந்தது. அவர்களுக்கு மடையை ஒரு மாத்திரை அடைத்தது. உங்கள் அப்பாவுக்குப் பிறப்பு அடைத்திருக்கிறது.

சரி, நீங்கள் அதிகம் பயப்படும் கேள்விக்கு வருகிறேன். பாதி மருந்தில் நோய் போகுமா?

மடை பாதி அடைத்திருக்கும் குளத்துக்கு வரத்தையும் பாதியாக்கினால் நீர்மட்டம் எவ்வளவு இருக்கும்? மற்றக் குளத்தில் இருக்கும் அதே மட்டம்தான். இது வெறும் உவமை இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 2038 நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதற்கு முன்பே ஸ்டார் 2ஏ இருக்கிறதா என்று பார்த்த ஆய்வு ஒன்று 2016-ல் வந்தது. 22 பேருக்கு இருந்தது. அளவைக் குறைத்து எடுத்தவர்களின் ரத்தத்தில் இருந்த மருந்தும், முழு அளவு எடுத்த மற்றவர்களின் ரத்தத்தில் இருந்த மருந்தும் ஏறக்குறைய ஒன்றே. முன்பெல்லாம் இந்த மாற்றத்தோடு முழு அளவு எடுத்தவர்களில் 73 சதவீதம் பேருக்குக் கடுமையான பாதிப்பு வந்தது, பத்தில் ஒருவர் மருந்தாலேயே இறந்தார். அளவு குறைத்த பிறகு கடுமையான பாதிப்பு 28 சதவீதமாக இறங்கியது. மருந்தால் ஒருவர்கூட இறக்கவில்லை.

ஆகவே உங்கள் அப்பாவுக்குப் பாதி மாத்திரை என்பது பாதி சிகிச்சை இல்லை. அவர் உடம்புக்கு அதுதான் முழு அளவு. அவருக்கு எழுதிய பழைய 'முழு அளவு'தான் உண்மையில் இரண்டு மடங்காக இருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள். பாதி அளவு என்பது தொடங்கும் இடம்தான். ஒன்றிரண்டு சைக்கிள் நன்றாகத் தாங்கினால் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாம். ஒரே மாற்றம் இருப்பவர்களிலும் நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். பயத்தில் கடைசிவரை தேவைக்கும் குறைவான அளவிலேயே நிறுத்திவிடுவதும் சரியில்லை. "தாங்கினால் ஏற்றுவீர்களா, எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்?" என்று நேராகவே கேட்கலாம். அவர் தப்பாக நினைக்கமாட்டார். ஆக்சாலிபிளாட்டின் இந்த நொதி வழியாகப் போவதில்லை, அதனால் இந்தக் காரணத்துக்காக அதைக் குறைக்கவேண்டியதில்லை.

முதலிலேயே ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வியில் உங்கள் கோபம் எனக்குத் தெரிகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஐரோப்பிய மருந்து முகமை 2020-லேயே, இந்த மருந்துகளைத் தொடங்குமுன் டி.பி.டி. குறை இருக்கிறதா என்று பார்க்கும்படி பரிந்துரைத்துவிட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையும் அதே ஆண்டு அதை வழக்கமாக்கியது. நம் நாட்டில் இன்னும் எல்லா இடத்திலும் அது வழக்கமாகவில்லை. என் கருத்தைக் கேட்டால், ஆகியிருக்கவேண்டும். ஆபரேஷன் காயம் ஆற நாலு முதல் ஆறு வாரம் எப்படியும் காத்திருக்கிறோம். அந்த நாட்களில் ஒரு குழாய் ரத்தத்தை அனுப்பிவிட்டால் கீமோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது.

நான் இப்படி அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மாவைப் பார்த்தேன், இட்லிக் கடை நடத்தியவர். முதல் சைக்கிளின் பத்தாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு வெடித்து, எச்சில் விழுங்க முடியாமல், ஒரு துண்டை வாயில் வைத்து ஒற்றிக்கொண்டே இருந்தார். மகள் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைப்பாள், அவர் கண்ணை மூடிக்கொள்வார். கிருமித் தொற்று என்றே நினைத்து ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிப் போட்டோம். பதினேழாம் நாள் போய்விட்டார். அந்த டெஸ்ட் அப்போது எங்கள் கைக்கு எட்டவில்லை. அன்று அவர் மகள் கேட்ட கேள்வியைத்தான் இன்று நீங்கள் கேட்கிறீர்கள்: "மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, எங்கம்மாவுக்கு மட்டும் ஏன்?" அவளிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் சொல்ல இருக்கிறது.

இந்த டெஸ்டுக்கும் எல்லை உண்டு. டி.பி.ஒய்.டி. மரபணுவில் வழக்கமாகப் பார்க்கும் நான்கு மாற்றங்களும் (ஸ்டார் 2ஏ அவற்றில் ஒன்று) பெரும்பாலும் ஐரோப்பியர்களை வைத்துக் கண்டுபிடிக்கப்பட்டவை. அவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பேருக்கு இந்தக் குறை ஓரளவு இருக்கிறது. நம் மக்களிடம் அந்த நான்கும் வரும் விகிதம் வேறு, அந்தப் பட்டியலில் இல்லாத மாற்றங்களும் உண்டு. ஆகவே 'நெகட்டிவ்' என்று வந்தவர்களும் அசட்டையாக இருக்கக்கூடாது. சிறுநீரகம் மந்தமாக இருந்தால் கேப்சிடபின் பாதிப்பு கூடும். ஃபோலிக் ஆசிட் சேர்ந்த சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கூடும். இதைப் பலர் டாக்டரிடம் சொல்வதே இல்லை, "டானிக்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அப்பா ரத்தம் ஊறுவதற்கென்று ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? அந்த அட்டையையும், நாட்டு மருந்து ஏதாவது இருந்தால் அதையும், அடுத்த தடவை பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனி அந்த முப்பது பக்க ரிப்போர்ட். எடுக்கவேண்டாம் என்பேன். குடல் புற்றுநோய்க் கீமோவில் மருந்தின் அளவை மாற்றும் அளவுக்கு நம்பத்தக்க பரம்பரை மரபணுச் சோதனை இன்று இரண்டுதான். ஒன்று நீங்கள் ஏற்கெனவே எடுத்தது. மற்றொன்று யு.ஜி.டி.1ஏ1, அதைக் கீழே சொல்கிறேன். எம்.டி.எச்.எஃப்.ஆர்., ஜி.எஸ்.டி.பி.1, இ.ஆர்.சி.சி.1 என்று அந்த ரிப்போர்ட்டில் பச்சையும் சிவப்புமாகக் கட்டம் போட்டிருக்கும். ஒரு ஆய்வில் தொடர்பு இருக்கிறது என்று வரும், அடுத்த ஆய்வில் இல்லை என்று வரும். அதை வைத்து உங்கள் டாக்டர் ஒரு மாத்திரையைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அப்புறம் அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்து வீட்டில் யாரும் தூங்கமாட்டீர்கள்.

ஆக்சாலிபிளாட்டினால் நரம்பு மரத்துப்போகும் என்பதை முன்கூட்டியே சொல்ல, நம்பி நடக்கும்படியான மரபணுச் சோதனை எதுவும் இல்லை. அதைக் கண்ணால்தான் பார்க்கவேண்டும், நீங்களே பார்க்கலாம். டிரிப் ஏறிய நாலைந்து நாள் ஃபிரிட்ஜ் தண்ணீரைத் தொட்டால் விரலில் ஊசி குத்தும், குடித்தால் தொண்டை இறுகும். அது தானாகப் போய்விடும். அடுத்த சைக்கிள் வரும்வரை போகாமல் தங்கினால்தான் கவலை. சட்டைப் பொத்தானைப் போட வழக்கத்தைவிட நேரமாகிறதா, காலில் செருப்பு கழன்றதே தெரியாமல் இரண்டு அடி நடந்துவிடுகிறாரா என்று கவனியுங்கள். இருந்தால் அதை டாக்டரிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள். "மரமரப்பு இருக்கு" என்பதைவிட அது அவருக்கு அதிகம் சொல்லும்.

யு.ஜி.டி.1ஏ1 விஷயம் இரினோடெகான் என்ற மருந்துக்கு. அப்பாவுக்கு இப்போது அது இல்லை, நோய் திரும்பி வந்தாலோ பரவினாலோ கொடுப்பார்கள், அது தேவைப்படாமலே போகட்டும். ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இந்த மருந்தின் மூலப்பொருளான கேம்ப்டோதெசினை ஒரு சீன மரத்திலிருந்து 1966-ல் பிரித்தெடுத்த இருவரில் ஒருவர் மன்சுக் வானி, மகாராஷ்டிரத்தில் பிறந்தவர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்திலும் அதே பொருள் இருக்கிறது. இந்த மருந்தை வெளியேற்றும் நொதிக்கான மரபணுவில், 'டி.ஏ.' என்ற இரண்டெழுத்து ஆறு முறை வரவேண்டிய இடத்தில் சிலருக்கு ஏழு முறை வரும். இரண்டு பிரதியிலும் அப்படி இருந்தால் நொதி மந்தம், மருந்து தேங்கும், வெள்ளை அணுக்கள் சரியும், பேதி பிடித்துக்கொள்ளும். அமெரிக்க மருந்துத் துறை 2005-லேயே இதை மருந்தின் குறிப்பேட்டில் சேர்த்துவிட்டது. நம் நாட்டில் இந்த மாற்றம் அரிதே இல்லை.

இதற்கு வீட்டிலேயே ஒரு துப்பு கிடைக்கும். இதே நொதிதான் பித்தநிறமியையும் வெளியேற்றுகிறது. அதனால் அப்பாவுக்கு வாலிப வயதிலிருந்தே விரதம் இருந்தால், காய்ச்சல் வந்தால் கண் லேசாக மஞ்சளாகும், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது, மறுபடி வந்தது என்று பாட்டியோ அத்தையோ சொன்னதுண்டா? அது பெரும்பாலும் காமாலை நோயே இல்லை, கில்பர்ட் என்ற பரம்பரை இயல்பு. மற்றபடி ஒரு தொந்தரவும் தராது, ஆனால் இரினோடெகான் எழுதும் டாக்டருக்கு அது தெரிந்தாகவேண்டும்.

இதுவரை சொன்னது ரத்தத்தில் பார்க்கும் மரபணு, அப்பா பிறந்தபோதே கொண்டுவந்தது. கட்டிக்குள் பார்க்கும் மரபணு வேறு. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கே-ராஸ், என்-ராஸ், பி-ராஃப் என்று ரிப்போர்ட்டில் பார்த்தால் அவை கட்டியிலே பிற்பாடு ஏற்பட்ட மாற்றங்கள். நோய் பரவியவர்களுக்கு எந்த மருந்தைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய அவை உதவும். கே-ராஸ் மாறியிருந்தால் செடுக்சிமாப் என்ற மருந்து பலன் தராது என்று 2008-லேயே உறுதியானது. பரவாத உங்கள் அப்பாவுக்கு இப்போது இதில் அவசரமில்லை.

ஆனால் கட்டியில் பார்க்கவேண்டிய ஒன்று உங்களுக்கும் தம்பிக்கும் முக்கியம். எம்.எஸ்.ஐ. அல்லது எம்.எம்.ஆர். என்று எழுதியிருக்கும். செல் பெருகும்போது மரபணுவில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் வேலை அந்தக் கட்டியில் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது அது. ஆபரேஷனில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள், அதிலேயே பார்த்துவிடலாம், மறுபடி பயாப்சி வேண்டாம். இந்தக் கோளாறு இருக்கும் கட்டிகள் கீமோவுக்கு நடந்துகொள்ளும் விதமே வேறு. இரண்டாம் ஸ்டேஜில் 5-எஃப்.யு. மட்டும் கொடுத்தால் பலன் இல்லை. பரவிய நிலையிலோ, 2020-ல் வந்த ஓர் ஆய்வில், நோய் மேலும் முற்றாமல் இருந்த காலம் கீமோவில் நடுமட்டமாக 8.2 மாதம், பெம்ப்ரோலிசுமாப் என்ற எதிர்ப்புசக்தி மருந்தில் 16.5 மாதம். இதில் ஒரு பகுதியினருக்குக் காரணம் லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறு. அப்பாவின் ரிப்போர்ட்டில் 'எம்.எம்.ஆர். குறைபாடு' என்றோ 'எம்.எஸ்.ஐ. ஹை' என்றோ இருந்தால், அடுத்தபடியாக மரபணு ஆலோசகரைப் பார்க்கவேண்டும். லிஞ்ச் என்று உறுதியானால், உங்களில் யாருக்கு அது வந்திருக்கிறதோ அவருக்கு இளம் வயதிலிருந்தே ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி. கட்டி ஆவதற்கு முன்பே பிடித்து எடுத்துவிடலாம். இயல்பாக இருக்கிறது என்று வந்துவிட்டால் அந்தப் பயம் பெரும்பாலும் தீர்ந்தது.

டி.பி.ஒய்.டி. மாற்றம் உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு சரிபாதி, தம்பிக்கும் அப்படியே. அது புற்றுநோயைக் கொண்டுவராது. இப்போது டெஸ்ட் எடுக்கவேண்டும் என்றும் இல்லை. ஆனால் இந்த மருந்து குடலுக்கு மட்டுமில்லை, இரைப்பை, மார்பகம், வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்கும் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ சித்தப்பா, அத்தை வீட்டிலோ யாருக்காவது அப்படி ஒரு நிலை வந்தால், மருந்து தொடங்குமுன் "எங்கள் குடும்பத்தில் ஸ்டார் 2ஏ இருக்கிறது" என்று சொல்லவேண்டும். அப்பாவின் ஃபைலில் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் அதை எழுதி ஒட்டிவையுங்கள். ஊர் மாறினாலும், ஆஸ்பத்திரி மாறினாலும் அந்தப் பக்கம் கூடவே போகட்டும்.

அடுத்த சைக்கிள் தொடங்கியதும் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள், பாரசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். கேப்சிடபின் அளவு மீறிப்போனவர்களுக்கு யூரிடின் ட்ரைஅசிடேட் என்ற முறிமருந்து ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2015-ல் அனுமதி பெற்றது. ஆனால் கடைசி மாத்திரை எடுத்த 96 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும், நம் ஊரில் அவ்வளவு சீக்கிரம் கைக்குக் கிடைப்பது கடினம். அதனால் நம் கையில் இருக்கும் முறிமருந்து, மாத்திரையை நேரத்தில் நிறுத்துவதுதான். பேதி வழக்கத்தைவிட நாலு தடவைக்கு மேல் கூடினாலோ, வாய்ப்புண்ணால் சாப்பாடு இறங்காவிட்டாலோ அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். போன தடவை அப்பா எட்டாம் நாளுக்குப் பிறகும் எத்தனை நாள் விழுங்கினார் என்று நீங்கள் எழுதவில்லை. பலரும் விழுங்குகிறார்கள், அட்டையில் இன்னும் மாத்திரை மீதி இருக்கிறதே, டாக்டர் பதினாலு நாள் என்று சொன்னாரே என்று. இந்தத் தடவை மீதி இருந்தால் இருக்கட்டும், அட்டையோடு கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள்.